கேட்ஃபிஷ் ஹண்டரும் கட்டப்படாத ஐம்பதாயிரம் டாலரும்

1974ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் பிற்பாதியில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள அஹோஸ்கி என்னும் சிற்றூருக்குப் பெருஞ்செல்வர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து சேர்ந்தனர். அவர்கள் நாடிச் சென்றது ஜே. கார்ல்டன் செர்ரி என்ற வழக்கறிஞரின் அலுவலகத்தை. நிலப்பத்திரங்களையும் உயில்களையும் பார்த்துப் பழகிய அந்த அலுவலகத்தில், அமெரிக்காவின் 24 முதல்நிலை பேஸ்பால் அணிகளுள் ஏறத்தாழ எல்லா அணிகளின் உரிமையாளர்களும் பிரதிநிதிகளும் தத்தம் விலையைச் சொல்லக் காத்திருந்தனர். அவர்கள் விலை பேச வந்தது இருபத்தெட்டு வயது உழவர் வீட்டு இளைஞர் ஒருவரின் வலக்கைக்கு. ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹண்டர் என்பது அவர் பெயர். உலகம் அவரைக் ‘கேட்ஃபிஷ்’ ஹண்டர் என்றே அறியும்.

ஐ.பி.எல். ஏலத்தைத் தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் காணும் நம் வாசகர்களுக்கு இதில் வியப்பு ஏதும் தோன்றாமற் போகலாம். ஆனால் அன்றைய அமெரிக்காவில் இது எவரும் கண்டிராத காட்சி. அதுவரை ஒரு பேஸ்பால் வீரர் தம் அணியைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றவரல்லர். ஹண்டருக்கு அந்த உரிமை கிடைத்தது எப்படி என்று பார்த்தால், விடை ஆடுகளத்தில் இல்லை. முதலாளி ஒருவர் ஆண்டுத்தொகைக் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டுவதாக ஒப்புக்கொண்டு, கட்டாமல் விட்ட 50,000 டாலரில்தான் இருக்கிறது. அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ நான்கு லட்சம் ரூபாய்.

காலில் தங்கிய குண்டுகள்

ஹண்டர் 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள், பெர்குவிமன்ஸ் ஆற்றங்கரையில் அமைந்த ஹெர்ட்ஃபோர்ட் என்னும் ஊரில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த உழவர் குடும்பம், அவரே கடைக்குட்டி. வயல் வேலை, வேட்டை, மீன்பிடிப்பு, இவை போக எஞ்சிய பொழுதில் பேஸ்பால் என்பதாக அவருடைய இளமை கழிந்தது.

கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் எப்படியோ, பேஸ்பாலில் ‘பிட்ச்சர்’ எனப்படும் பந்தெறிவீரர் அப்படி. எனினும் வேறுபாடு பெரிது. ஓடிவந்து வீசுவது இல்லை; பந்து தரையில் பட்டெழுவதும் இல்லை. 18.44 மீட்டர் தொலைவிலுள்ள ஒரு மேட்டில் நின்றபடி, மட்டைவீரரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட ஒரு கற்பனைச் சட்டத்தினுள் பந்தை எறிய வேண்டும். ஒரே ஆட்டத்தில் நூறு முறைக்கு மேலும் எறிய நேரும். தோளும் முழங்கையும் தேய்ந்துபோவது இத்தொழிலின் இயல்பு. 2008ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற ஈட்டி எறியும் இளைஞர் இருவரை ஒரு தொலைக்காட்சிப் போட்டி கண்டெடுத்து, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்துகொண்ட செய்தி சிலருக்கு நினைவிருக்கலாம். அவர்கள் அங்கே கற்கப் புகுந்தது இந்தக் கலையைத்தான்.

பள்ளிப் பருவத்திலேயே ஹண்டரின் எறிதிறன் பல அணிகளின் காதுக்கு எட்டியது. அந்நேரத்தில் ஒரு விபத்து. வேட்டைக்குச் சென்ற இடத்தில் அண்ணன் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்து, ஹண்டரின் வலக்காலின் சுண்டுவிரல் பறிபோனது. சிறு குண்டுகள் பாதத்தினுள்ளேயே தங்கின. வலக்கையால் எறிபவர் உந்தி எழுவது வலக்காலால் அல்லவா? வந்துகொண்டிருந்தவர்களில் பலர் பின்வாங்கினர். அன்றைய கான்சாஸ் சிட்டி அத்லெடிக்ஸ் அணிக்காக இளம் வீரர்களைத் தேடி ஊர் ஊராகச் சென்ற கிளைட் கிளட்ஸ் என்பவர் மட்டும் அவர்மீது வைத்த நம்பிக்கையைக் கைவிடவில்லை. 1964இல் 75,000 டாலர் முன்பணத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அவ்வாண்டு முழுவதும் காலுக்கான மருத்துவத்திலேயே கழிந்தது. கிளட்ஸ் என்ற இந்தப் பெயரை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். அவர் பின்னர் மீண்டும் வருவார்.

அணியின் உரிமையாளர் சார்லஸ் ஓ. ஃபின்லி. இளமையில் காசநோய்க்கு ஆளாகி நீண்டகாலம் மருத்துவமனையில் கிடந்தபோது, நோயுற்றால் வருவாய் இழக்கும் மருத்துவர்களுக்கென்று குழுக் காப்பீடு விற்கலாமே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றிற்று. அந்த எண்ணமே அவரைக் கோடீசுவரர் ஆக்கியது. விளம்பரத்தில் அளவுகடந்த ஆர்வம் கொண்டவர். தம் வீரர்களுக்கு வெள்ளைக் காலணி அணிவித்தார். கோவேறு கழுதை ஒன்றை அணியின் சின்னமாக்கி அதற்குத் தம் பெயரையே வைத்தார். மீசை வளர்த்த வீரர்களுக்கு ஆளுக்கு 300 டாலர் கொடுத்தார். ஜிம் ஹண்டர் என்ற பெயர் எடுப்பாக இல்லை என்று கருதி, ‘கேட்ஃபிஷ்’ என்று கெளிற்று மீனின் பெயரைச் சூட்டியவரும் அவரே. சிறுவயதில் வீட்டைவிட்டு ஓடிப்போய் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது அகப்பட்டதால் வந்த பெயர் என்று ஒரு கதையையும் புனைந்துகொடுத்தார். அதில் உண்மை துளியும் இல்லை.

இருபத்தேழு பேர், இருபத்தேழு ஆட்டமிழப்பு

1965ஆம் ஆண்டு மே மாதம் ஹண்டர் முதல்நிலைப் போட்டியில் களமிறங்கினார். கீழ்நிலை அணிகளில் ஓரிரு ஆண்டுகளேனும் பயிற்சி பெற்று மேலே வருவதே பேஸ்பாலின் வழக்கம். ஹண்டர் அவற்றில் ஒரு நாளும் ஆடியதில்லை. 1968இல் அணி கலிஃபோர்னியாவின் ஓக்லண்டு நகருக்குக் குடிபெயர்ந்தது. அவ்வாண்டு மே 8ஆம் நாள், ஆறாயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே பார்த்திருக்க, மினசோட்டா அணிக்கு எதிராக அவர் ‘முழுநிறைவு ஆட்டம்’ ஒன்றை எறிந்து முடித்தார். எதிரணியின் மட்டைவீரர் இருபத்தேழு முறை வந்து நின்று, ஒருமுறைகூட முதல் தளத்தை எட்டாமலே திரும்புவதற்கு அப்பெயர். அமெரிக்கன் லீகின் வழக்கமான போட்டிகளில் 1922க்குப் பிறகு நிகழ்ந்த முதல் முழுநிறைவு ஆட்டம் அது. அன்று ஓக்லண்டு எடுத்த நான்கு ஓட்டங்களுள் மூன்றைத் தம் மட்டையால் ஈட்டித் தந்தவரும் ஹண்டரே.

அவருடைய பந்து மின்னல் வேகத்தில் வந்தது என்று சொல்வதற்கில்லை. குறித்த இடத்தில் பந்தை இறக்கும் துல்லியமே அவருடைய முதலீடு. மட்டைவீரர் அடிக்க முடியும் என்று நம்பும் பந்தையே எறிந்து, அவரை அடிக்கவைத்து ஆட்டமிழக்கச் செய்யும் முறை அது. அதனால் எல்லைக்கு வெளியே பறந்த அடிகளும் ஏராளம், வாழ்நாளில் 374. அவற்றுள் பெரும்பாலானவை, தளங்களில் எவரும் இல்லாத, இழப்புக் குறைவான தருணங்களில் போனவை என்று அவரை அறிந்தோர் சொல்வர். 1971 முதல் 1975 வரை தொடர்ந்து ஐந்து பருவங்களில் இருபதுக்கு மேற்பட்ட வெற்றிகள்; 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஓக்லண்டுக்கு உலகத் தொடர்க் கோப்பை. 1974இல் 25 வெற்றிகளுடன், லீகின் தலைசிறந்த பந்தெறிவீரருக்கான சை யங் விருதும் அவரைச் சேர்ந்தது.

கடன் கொடுத்த முதலாளி

இந்த வெற்றிகளுக்கு நடுவே நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. ஹண்டருக்கு நிலத்தின்மேல் தீராத ஆசை. சொந்த ஊரில் நிலம் வாங்குவதற்காக ஃபின்லியிடமே 150,000 டாலர் கடன் பெற்றார். நல்ல மனத்துடன்தான் ஃபின்லி அதைக் கொடுத்தார் என்று தோன்றுகிறது. ஆனால் 1970இல் அவர் பனி ஹாக்கி அணி ஒன்றை விலைக்கு வாங்கினார்; கையிருப்புக் குறைந்தது. கடனைத் திருப்பித் தருமாறு ஹண்டரை நெருக்கத் தொடங்கினார். அதுவும் எந்த நாட்களில்? ஹண்டர் பந்தெறிய வேண்டிய நாட்களில், களமிறங்கும் முன்பாகத் தொலைபேசியில் அழைத்து. முடிவில் ஆசையாக வாங்கிய நிலத்தின் பெரும்பகுதியை விற்றே ஹண்டர் அக்கடனைத் தீர்த்தார்.

சம்பளம் கொடுப்பவரே கடன் கொடுத்தவராகவும் இருக்கும்போது, கடன்பட்டவர் எங்கே போய் முறையிடுவார்? கடனுக்கு வட்டி உண்டு, தவணை உண்டு, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் விதிகள் உண்டு என்ற ஒழுங்கெல்லாம் ஓர் ஆளின் மனநிலைக்கேற்ப மாறும் இடத்தில் பயன்படுவதில்லை. அதன்பின் ஃபின்லியுடனான எந்த ஏற்பாட்டையும் ஹண்டர் எழுத்தில் கண்டாலன்றி நம்பவில்லை என்று கொள்ளலாம். 1974இல் அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் அதற்குச் சான்று.

ஓர் உட்பிரிவின் வலிமை

அது ஈராண்டு ஒப்பந்தம். ஆண்டுக்கு 100,000 டாலர் ஊதியம். அதில் பாதியை வழக்கமான சம்பளமாகத் தர வேண்டும்; மீதி 50,000 டாலரை ஹண்டர் குறிப்பிடும் ஆண்டுத்தொகைக் காப்பீட்டுத் திட்டத்தில் அணி நேரடியாகச் செலுத்த வேண்டும். ‘அன்யூட்டி’ என்று இன்று நம் வங்கிக் கிளைகளிலும் விற்கப்படும் திட்டத்தின் அடிப்படையே இது: இன்று ஒரு தொகையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்து, பிற்காலத்தில் அதை ஆண்டுதோறும் வருவாயாகப் பெறுவது. பந்தெறிவீரரின் ஈட்டுகாலம் குறுகியது. முப்பத்தைந்து வயதில் தோள் தளர்ந்துவிடும். வருவாய் மிகும் ஆண்டுகளில் முழுத்தொகையையும் கையில் வாங்கினால் வரிச்சுமை ஏறும். பின்னாளில் சிறிது சிறிதாகப் பெற்றால் வரி குறையும், முதுமைக்கும் துணையாகும். இதுவே ஹண்டர் தரப்பின் கணக்கு.

ஃபின்லியின் கணக்கு வேறு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான், இவ்வாறு செலுத்தும் தொகையை அவ்வாண்டே தம் செலவாகக் காட்டி வரிவிலக்குப் பெற இயலாது என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே செலுத்த மறுத்தார். மாதங்கள் ஓடின. காப்பீடு விற்றே செல்வம் சேர்த்த ஒருவர், காப்பீட்டுத் திட்டம் ஒன்றின் விதியை ஒப்பமிடும் முன் ஆராயாமல் விட்டது எப்படி என்பது இன்றுவரை புதிராகவே உள்ளது.

பேஸ்பாலின் பொது ஒப்பந்தப் படிவத்தில் ஒரு சிறு பிரிவு இருந்தது. வீரருக்குச் சேர வேண்டிய தொகையை அணி செலுத்தத் தவறி, எழுத்துமூலம் அறிவிப்புப் பெற்ற பத்து நாட்களுக்குள் அக்குறையைத் தீர்க்காவிட்டால், வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். பல்லாண்டுகளாக எல்லோரும் கையெழுத்திட்டு வந்த படிவம். எவரும் பொருட்படுத்தாத பிரிவு. செப்டம்பரில் அறிவிப்பு அனுப்பப்பட்டது. பத்து நாள் கடந்தது. அக்டோபர் 4ஆம் நாள், லீகின் தலைவர் லீ மெக்ஃபெயில் உடனிருக்க, 50,000 டாலருக்கான காசோலையை ஃபின்லி ஹண்டரிடம் நீட்டினார்.

ஹண்டர் அதை வாங்கவில்லை.

காசோலையைக் கையில் வாங்கினால் அது அவ்வாண்டின் வருமானம். அவர் தவிர்க்க விரும்பிய வரி அப்போதே வந்து சேரும். அதனினும் முக்கியமாக, ஒப்பந்தம் சொல்வது ‘காப்பீட்டு நிறுவனத்துக்குச் செலுத்துக’ என்று. ‘ஹண்டரிடம் கொடுக்க’ என்று அன்று. நான்கு லட்சம் ரூபாய் மதிப்புள்ள காசோலையை மறுத்துத் திரும்புவதற்கு ஓர் உழவர் மகனுக்கு எவ்வளவு உறுதி வேண்டியிருந்திருக்கும்! அடுத்த சில நாட்களில் உலகத் தொடர் தொடங்கியது. தமக்குப் பணம் செலுத்த மறுத்த அதே முதலாளிக்காக ஹண்டர் அதில் பந்தெறிந்து, கோப்பையை வெல்லத் துணைநின்றார்.

வழக்கு மூவர் கொண்ட மத்தியஸ்தர் குழுவின் முன் வந்தது. வீரர் சங்கத்தின் சார்பில் மார்வின் மில்லர், அணி உரிமையாளர் சார்பில் ஜான் கேஹெரின், நடுநிலைத் தலைவராகப் பீட்டர் சீட்ஸ். ஃபின்லி ஒப்பந்தத்தை மீறினார். ஹண்டர் எந்த அணியிலும் சேரலாம் என்று டிசம்பரில் சீட்ஸ் தீர்ப்பளித்தார். ஃபின்லி நீதிமன்றங்களை நாடியும் பயன் விளையவில்லை.

விலையும் நம்பிக்கையும்

இதன் கனத்தை உணரத் ‘தக்கவைப்பு விதி’ பற்றிச் சிறிது அறிய வேண்டும். 1879ஆம் ஆண்டளவில் தோன்றிய அவ்விதியின்படி, ஓர் அணியில் ஒருமுறை ஒப்பமிட்ட வீரரை, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் அவ்வணி தன்னிடமே நிறுத்திக்கொள்ளலாம். விரும்பினால் பிற அணிக்கு விற்கலாம். கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஆட வேண்டும். இல்லையேல் ஆட்டத்தையே விட வேண்டும். கர்ட் ஃபிளட் என்ற வீரர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்று 1972இல் தோற்றார். ஹண்டரின் வழக்கு அவ்விதியை நேரடியாகத் தொடவில்லை. ஆயினும், தடையற்ற சந்தையில் ஒரு வீரரின் மதிப்பு என்ன என்பதை முதன்முறையாக எண்களில் காட்டியது அதுதான்.

அஹோஸ்கியில் நடந்த பேரம் டிசம்பர் 31ஆம் நாள் முடிவுற்றது. நியூயார்க் யாங்கீஸ் அணியுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம். மதிப்பு முப்பது லட்சம் டாலருக்கு மேல். அந்த ஒப்பந்தத்தின் அமைப்பு வங்கி வாடிக்கையாளர் கவனத்துக்குரியது. வெறும் சம்பளமாக மட்டும் அது அமையவில்லை. ஒப்பமிடும்போது தரும் தொகை, பிற்காலத்தில் பெறும் ஊதியம், ஆயுள் காப்பீடு, பிள்ளைகளின் கல்விக்கான காப்பீடு எனப் பலவாகப் பகுக்கப்பட்டிருந்தது. இன்று நிதி ஆலோசகர் ஒருவர் வரைந்து தரும் குடும்பத் திட்டம் போன்றே அது காட்சி தருகிறது.

யாங்கீஸ் தந்தது மிக உயர்ந்த தொகையா? அன்று. சான் டியேகோ, கான்சாஸ் சிட்டி அணிகள் அதைவிடக் கூடுதலாகவே தர முன்வந்தன. ஹண்டர் யாங்கீஸைத் தேர்ந்ததற்குக் காரணம், அவ்வணியின் சார்பில் பேச வந்தவர் கிளைட் கிளட்ஸ் என்பதே. விரலிழந்த சிறுவனைப் பத்தாண்டுகளுக்கு முன் நம்பிய அதே மனிதர், இப்போது யாங்கீஸில் பணியாற்றி வந்தார்.

மறு ஆண்டு, 1975 டிசம்பரில், அதே பீட்டர் சீட்ஸ், ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இரு பந்தெறிவீரர்களின் வழக்கில் தீர்ப்பளித்துத் தக்கவைப்பு விதியின் ஆணிவேரையே அறுத்தார். உரிமையாளர்கள் அவரை உடனே பணிநீக்கம் செய்தனர், தீர்ப்பு நின்றது. 1975இல் ஒரு வீரரின் சராசரி ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 45,000 டாலர். 1980இல் அது 143,000 டாலரைக் கடந்தது. அத்தனையும் ஹண்டரால் விளைந்தது என்பது மிகை. ஆனால் மற்றவர்கள் கேட்கத் துணிந்த விலையை அவருடைய ஒப்பந்தமே அவர்களுக்குக் காட்டிற்று.

தோளும் நிலமும்

யாங்கீஸ் தான் கொடுத்த பணத்துக்கு முதல் ஆண்டிலேயே வேலை வாங்கிவிட்டது. 1975இல் ஹண்டர் 328 இன்னிங்ஸ் எறிந்தார். 30 ஆட்டங்களை மாற்று ஆளின்றித் தாமே தொடங்கி முடித்தார். அதன்பின் முதல்நிலைப் போட்டிகளில் எவரும் ஒரு பருவத்தில் முப்பது ஆட்டங்களை அவ்வாறு முடித்ததில்லை. அதற்கான விலையைத் தோள் கொடுத்தது. வலி வளர்ந்தது. 1978இல் நீரிழிவு நோயும் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் மருத்துவர் அவரை மயக்கத்தில் ஆழ்த்தி, இறுகிய தோளை வலிந்து அசைத்து இளக்கினார். எழுந்துவந்த ஹண்டர் வெற்றிமேல் வெற்றி குவித்து, உலகத் தொடரின் இறுதி ஆட்டத்திலும் வென்று கொடுத்தார். 1977, 1978 ஆகிய ஈராண்டுகளும் கோப்பை நியூயார்க்குக்குச் சென்றது.

1979 துயரம் நிறைந்த ஆண்டு. கிளைட் கிளட்ஸ் மறைந்தார். ஆகஸ்டில், அணித்தலைவர் தர்மன் மன்சன் விமான விபத்தில் மாண்டார். ஐந்தாண்டு ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது. புதிய ஒப்பந்தம் எதையும் நாடாமல், முப்பத்து மூன்று வயதில் ஹண்டர் ஓய்வு பெற்று ஹெர்ட்ஃபோர்டுக்குத் திரும்பினார். 224 வெற்றிகள், 166 தோல்விகள், 2,012 மட்டைவீரர்களை அடிக்கவே விடாமல் வெளியேற்றிய கணக்கு. ஊரில் வேர்க்கடலையும் சோயாவும் சோளமும் பயிரிட்டார். மனைவி ஹெலனுடன் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். 1987இல் பேஸ்பால் புகழ்மன்றத்தில் இடம் பெற்றபோது, தம் உருவப் பதக்கத்தின் தொப்பியில் எந்த அணியின் சின்னமும் வேண்டாம் என்றார். ஃபின்லிமீது வெறுப்புற்றிருந்தால் யாங்கீஸின் சின்னத்தைத் தயங்காமல் ஏற்றிருப்பார். இரு அணிகளில் எதையும் மறுக்க மனமில்லை என்பதே காரணம். பாப் டிலன் இவரைப் பற்றி ‘கேட்ஃபிஷ்’ என்றே ஒரு பாடல் இயற்றியிருக்கிறார் என்பதையும் இங்குக் குறிக்கலாம்.

1998இல் அவருக்கு ஏ.எல்.எஸ். என்னும் நோய் இருப்பது தெரியவந்தது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் அது. யாங்கீஸ் அணியின் மற்றொரு மாவீரரான லூ கெரிக்கை 1941இல் கொண்டுபோனதும் அதுவே. அமெரிக்கர் அந்நோயைக் கெரிக்கின் பெயராலேயே அழைக்கின்றனர். முதலில் செயலிழந்தவை ஹண்டரின் கைகள். 1999 வசந்தத்தில் பழைய தோழர்களைக் காண யாங்கீஸின் பயிற்சி முகாமுக்கு வந்தபோது, அவரால் கையை உயர்த்த இயலவில்லை. அந்நோய் பற்றிய ஆய்வுக்குப் பொருள் திரட்ட அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை எழுந்தது.

ஆகஸ்டில் வீட்டில் தவறி விழுந்து தலையில் அடிபட்டு, மருத்துவமனையில் சில வாரங்கள் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். 1999 செப்டம்பர் 9ஆம் நாள், ஐம்பத்து மூன்றாம் வயதில் ஹெர்ட்ஃபோர்டில் காலமானார். பள்ளி நாட்களில் அவர் பந்தெறிந்த மைதானத்தை ஒட்டியுள்ள கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர்.